இரண்டை நான்காக்கிய கை

"நீ எப்படிச் செஞ்சியோ அப்படியே செஞ்சு காட்டு. அப்புறம் பேசலாம்."

தலைமை ஆசிரியர் சாகின்பெக் சொன்னது இதே வார்த்தைகள்தானா என்று ஜூமாகுலுக்கு இப்போது நிச்சயமில்லை. அன்று நாரின் நகரில் பனி பெய்தது என்பதும் சந்தேகம்தான். மாணவி பெகிமாய் அவர் அறைக் கம்ப்யூட்டர் முன்னால் நின்ற நிலை மட்டும் மறக்கவில்லை.

வேதியியலில் ஐந்துக்கு இரண்டு வாங்கி அவள் தவறியிருந்தாள். வசந்த விடுமுறை முடிந்து பார்த்தால், பள்ளியின் மின்பதிவேட்டில் அது நான்காகியிருந்தது. திருத்தம் நடந்தது தலைமை ஆசிரியரின் கணக்கிலிருந்து. பதினேழு வயது, எந்நேரமும் கையில் போன், மதிப்பெண்ணும் அவளுடையது. வேறு யார் என்று கேட்டார் அவர். குற்றம் உறுதியானால் பள்ளியைவிட்டு நீக்கம். சான்றிதழுக்கு ஆறு வாரமே இருந்தது.

அந்த இரண்டைப் போட்டவள் வேதியியல் ஆசிரியை ஜூமாகுல். பெகிமாயோ, தாய் மாஸ்கோவில் வேலை பார்க்க, வீட்டில் இரண்டு தம்பிகளைக் கவனித்துக்கொண்டு, வகுப்பில் தூங்கி விழும் பெண். போடும்போதே கை கூசியது.

"நீங்க சும்மா சாட்சிக்கு உட்காருங்க எஜே. இதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்றார் சாகின்பெக் ஜூமாகுலிடம்.

பெகிமாய் உட்கார்ந்தாள். இருண்ட திரையை விரலால் தொட்டாள். மேல்நோக்கித் தள்ளினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை தள்ளினாள்.

"நடிக்காதே. வீடியோ போட்டு ஆறாயிரம் பேரைப் பார்க்க வைக்கத் தெரியுது, இது தெரியாதா?"

"அது போன்ல, அகாய். கம்ப்யூட்டரை நான் எங்க தொட்டேன்? ரிப்பேராகிடும்னு நீங்கதான் கம்ப்யூட்டர் ரூமைப் பூட்டியே வச்சிருக்கீங்க."

அவர் வெள்ளைத் தாளை அவள் முன் நகர்த்தினார். ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் போலீஸ் வராது, இல்லாவிட்டால் தாய்க்குத் தகவல் போகும் என்றார்.

தாய் என்றதும் பெகிமாய் பேனாவை எடுத்தாள். பேனா தாளைத் தொட்டது.

"அதை இங்க குடு, பெகிமாய்" என்று ஜூமாகுல் கை நீட்டினாள்.

பெகிமாய் மறுதேர்வில் மூன்று வாங்கித் தேறினாள். சாகின்பெக் இன்னமும் அங்கேதான் தலைமை ஆசிரியர். அவர் ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் கணக்கைத் திறப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தே கடவுச்சொல்லை மனப்பாடம் செய்திருந்த ஜூமாகுலை, அந்த வாரமே வேலையைவிட்டு நீக்கினார்கள்.