சிவப்பு நூல் சாக்கு

சண்டிலிப்பாயில் அருளம்பலத்தின் வீட்டுக் குசினிக்குள் அன்றும் ஒரு புதுப்பூனை புகுந்து மீன்சட்டியை உருட்டியது.

“போன கிழமைதானே ஒரு கள்ளப்பூனையைக் கொண்டுபோய் விட்டனீங்கள்! ஒண்டு போக ஒண்டு வருதே?” என்றாள் மனைவி மங்களேஸ்வரி.

“போனது இனி வராது. கண்காணாத இடத்திலை விட்டனான்,” என்றார் அவர்.

பூனையைத் துரத்திக்கொண்டு வேலிவரை ஓடியவள், ஒரு வெறும் சாக்கோடு திரும்பி வந்தாள்.

“இஞ்சை பாருங்கோ! வேலிக்கரையிலை கிடந்தது. நான் சிவப்பு நூலாலை தைச்ச சாக்கு. நெல்லியடிச் சம்பந்தி வீட்டுக்கு வெங்காயம் கட்டி அனுப்பினது. உள்ளுக்கு முழுக்கப் பூனை மயிர்! நேற்றுச் சம்பந்தியார் ‘சும்மா பாத்திட்டுப் போக வந்தனான்’ எண்டது இதுக்குத்தான்!”

அவள் கைபேசியை எடுத்தாள். அருளம்பலம் பாய்ந்து தடுத்தார்.

“வேண்டாமப்பா! கேட்டால் என்ரை கதையும் வெளியிலை வந்திடும்.”

“உங்கடை என்ன கதை?”

“மகளைப் பாக்க நெல்லியடிக்குப் போகேக்கை, இஞ்சை வாற பூனையளை நானும் அவையின்ரை வளவுக்குப் பின்னாலைதான் விடுறனான். ஆனால் சாக்கை மறக்காமல் திருப்பிக் கொண்டுவந்திடுவன். பாவம், அந்தாள் மறந்திட்டுது.”