ஐம்பதாவது நம்பர் பிளேட்

“தலையைக் குனி நடீன்! அந்த ஐடஹோ வண்டியை மறைக்கிறே!”

யெல்லோஸ்டோன் பூங்காவின் கார் நிறுத்தத்தில், மடக்கு நாற்காலி போட்டு, கையில் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தார் வெண்டல். வெந்நீர் ஊற்று பீறிடும் நேரம். கூட்டம் மொத்தமும் அதைப் பார்க்க ஓடிக்கொண்டிருந்தது. ஊற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கார்களின் பின்புறத்தைத் துருவிக்கொண்டிருந்த ஒரே மனிதர் அவர்தான்.

“ஐடஹோதான் உன் நோட்டுல எப்பவோ ஏறியாச்சே?” என்றார் தங்கை நடீன்.

“ஏறினா என்ன? உருளைக்கிழங்குன்னு நம்பர் பிளேட்லயே போட்டுப் பெருமையடிச்சுக்கிற ஊரு வேற எங்கேயாவது இருக்கா?”

வெண்டலுக்கு அறுபத்து நான்கு வயது. அவர் ஊர் மதுக்கடையில் வியாழன்தோறும் நடக்கும் பொது அறிவுப் போட்டியில் பதினோரு வருடமாக அவரை அசைக்க ஆளில்லை. அந்தத் திமிர் பேச்சில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

எல்லாம் அப்பா ஆரம்பித்து வைத்த விளையாட்டு. சின்ன வயதில் இருவருக்கும் ஆளுக்கொரு நோட்டு கொடுத்திருந்தார். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் நம்பர் பிளேட் வேறு; அதை வைத்து ஐம்பது மாநிலத்து வண்டிகளையும் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். எந்த மாநிலம், எங்கே, என்றைக்கு, யார் சாட்சி. சாட்சி குடும்பத்து ஆளாக இருக்க வேண்டும்.

விளையாட்டுதானே என்று வெண்டல் நினைத்திருந்தார். பிப்ரவரியில் அப்பா காலமாகி, வக்கீல் உயிலைப் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. மினசோட்டாவில் இருக்கும் ஏரிக்கரை வீடு, ஐம்பதையும் முதலில் முடித்தவருக்கு!

வெண்டலிடம் பத்து வருடமாக நாற்பத்தொன்பது. பாக்கி ஹவாய். நடுக்கடலில் இருக்கும் தீவிலிருந்து எவன் காரை ஓட்டிக்கொண்டு வருவான்? நாலா பக்கத்து வண்டியும் வந்து சேரும் இடம் இதுதான் என்று முடிவு செய்து, சாட்சிக்கு நடீனையும் ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் ஓட்டி வந்திருந்தார்.

“உன் நோட்டுல எத்தனை ஆச்சுன்னு இன்னும் சொல்லலையே?”

“நீ முடி. அப்புறம் காட்டறேன்.”

“முப்பது தேறுமா? சரி, மான்டானாவுக்குத் தலைநகர் எது?”

“பில்லிங்ஸ்?”

“ஹெலினா! எல்விஸ் பிறந்த ஊரு?”

“மெம்ஃபிஸ். இதுகூடத் தெரியாதா எனக்கு?”

“வாழ்ந்ததுதான் மெம்ஃபிஸ். பிறந்தது மிஸிஸிப்பியில டுபெலோ. நீயெல்லாம் எனக்குப் போட்டி!”

நடீன் சிரித்துக்கொண்டே கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியை நீட்டினார்.

“வீடு உனக்கு வந்தா என்ன பண்ணுவே?”

“விக்கிறதுதான். ஆள்கூடப் பார்த்தாச்சு. இடிச்சுட்டு ஹோட்டல் கட்டறாங்களாம். நான் அரிசோனா போய் வெயில் காய்வேன்.”

“படகுத்துறையைக்கூடவா இடிப்பாங்க? அது நீயும் அப்பாவும் சேர்ந்து போட்டது.”

“அது இன்னுமா இருக்கு?”

“போன கோடையிலதான் நானும் அப்பாவும் பலகை மாத்தினோம். நீ அங்கே வந்து எத்தனை வருஷமாச்சு வெண்டல்?”

“ஒன்பது இருக்கும். வேலை, நடீன். அவரும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தார். அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு...” என்று இழுத்தவர், அவசரமாகப் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொடுத்தார்.

அடுத்த நொடி துள்ளி எழுந்தார். நாற்காலி கவிழ்ந்தது.

“வானவில்! நடீன், வானவில் போட்ட பிளேட்! ஹவாய்!”

ஒரு பச்சை பிக்கப் வண்டி மெல்ல உள்ளே நுழைந்து நின்றது. இறங்கிய இளைஞன் ராணுவத்தில் இருப்பவனாம். மாற்றலாகி, வண்டியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தானாம். வெண்டல் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவன் விழித்தான்.

நோட்டில் தேதி போட்டு நீட்டினார். நடீன் மறுபேச்சில்லாமல் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

“ஐம்பது! அப்பாவோட பிள்ளைன்னா சும்மாவா? எங்கே, இப்ப உன் நோட்டை எடு.”

நடீன் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். சிரித்துக்கொண்டே புரட்ட ஆரம்பித்தார் வெண்டல். முப்பது தாண்டியது. நாற்பது தாண்டியது. சிரிப்பு நின்றுவிட்டது.

ஐம்பது: ஹவாய், பழைய ஜீப். இடம்: ஏரிக்கரை வீட்டு ஷெட். தேதி, ஆறு வருடத்துக்கு முந்தைய ஜூலை. சாட்சி: அப்பா.

“ஷெட்லயா?” வெண்டல் அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

“அப்பாவோட கடற்படை சிநேகிதர் சாகறதுக்கு முன்னாடி அனுப்பி வெச்சது. இன்னும் அங்கேதான் நிக்குது.”

“ஆறு வருஷமா! கூடப் பிறந்தவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொல்ல விடலையே அவர். கையெழுத்துக்குக் கீழே படி.”

அப்பாவின் கோணல் எழுத்து. வெண்டல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

‘வெண்டலிடம் சொல்லிவிடாதே, நடீன். அவனுக்கும் இது ஒன்றுதான் பாக்கி. அவனே வந்து பார்க்கட்டும் என்று ஷெட்டைப் பூட்டாமல் வைத்திருக்கிறேன்.’