கடல்நாகச் சண்டை

"அங்கிள், நீங்கதானே வேலாயுதம்?"

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஞாயிறு பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதுகிறவர்.

"ஆமா. நீ யாருப்பா?"

"கிஷன். நீங்க ரெண்டு ஸ்டார் போட்ட படத்தோட டைரக்டர்."

"உட்காரு. சாப்பிடறியா?"

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு கிஷன் உட்கார்ந்தான்.

மூன்று வருஷ உழைப்பு. ரவாங்கில் கைவிடப்பட்ட கல்லுடைக்கிற இடத்தில் கோட்டை செட் போட்டு, நண்பர்களுக்கு வாள் வீசக் கற்றுக்கொடுத்து, ஒரு மாவீரன், ஒரு மந்திரக்காரி என்று எடுத்த படம். முதல் நாள் பன்னிரண்டு காட்சி. இன்றைக்கு ஒன்று. நாளை வியாழக்கிழமை, புதுப் படங்கள் வருகிற நாள். அதையும் தூக்கிவிடுவார்கள்.

"நேத்து மத்தியானம் எத்தனை டிக்கெட் போச்சு தெரியுமா அங்கிள்? ஒண்ணே ஒண்ணு. கவுண்டர்ல இருந்த பொண்ணு சொல்லுச்சு. உள்ள போயி அந்த ஒரு ஆள் மூஞ்சியப் பாக்கக்கூட தைரியம் வரல. வீட்டுக்குப் போயி கதவைச் சாத்திக்கிட்டேன்."

"அதுக்கு நான் காரணமா?"

"வேற யாரு? லோக்கல் படம்னு ஊரே தூக்கிப் பேசுது. நீங்க ஒருத்தர்தான் கவுத்தீங்க. இன்னைக்கே ஒரு ஸ்டார் கூட்டி பேஸ்புக்ல போடுங்க. இன்னும் ஒரு வாரமாவது ஓடும்."

வேலாயுதம் சோற்றில் ரசம் விட்டுக்கொண்டார். "ஊரு என்ன பேசுது?"

கிஷன் கைப்பேசியை எடுத்து வாசித்தான்.

"'கடல்நாகச் சண்டை உலகத் தரம்.' இது ரேடியோ லெட்சுமி அக்கா. அஞ்சு ஸ்டார். 'கடல்நாகத்தைப் பார்த்து என் மகன் நாற்காலிக்கு அடியில் ஒளிந்துகொண்டான்.' இது சங்கத் தலைவர். அஞ்சு. 'கடல்நாகம் ஒண்ணே போதும் லா பிரதர், டிக்கெட் காசு சரியாப் போச்சு.' இதுவும் அஞ்சு. இன்னும் நாப்பது இருக்கு, எல்லாத்துலயும் கடல்நாகம்தான்."

"எனக்குக் கொஞ்சம் மறதி தம்பி. கடல்நாகம் எந்த இடத்துல வருது?"

"அது வந்து..."

கிஷன் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

கடல்நாகம் வரவே இல்லை. கிராபிக்ஸ் சரியாக அமையாததால், படம் வெளியாவதற்கு மூன்று வாரம் முன்னால் அவனே வெட்டி எடுத்த காட்சி அது. டிரெய்லரில் மட்டும் பத்து விநாடி இருந்தது.

நாற்பத்து மூன்று பேருக்கும் இதயக் குறி போட்டு, கைகூப்பி நன்றி சொல்லியிருந்தான். ஒரு தடவைகூட அவனுக்கு உறைக்கவில்லை.

"அப்ப யாருமே பாக்கலையா அங்கிள்?" என்றான். குரல் இறங்கியிருந்தது.

வேலாயுதம் இலையை மடித்தார்.

"மந்திரம் பலிக்காமப் போயி அந்த மந்திரக்காரிக் கிழவி குகையில தனியா உக்காந்திருப்பாளே, அந்த இடம் நல்லா எடுத்திருந்தே. ரெண்டு ஸ்டாரும் அதுக்குத்தான்."

கை கழுவ எழுந்தவர் ஒரு நிமிஷம் நின்றார்.

"நேத்து அந்த ஒரு டிக்கெட் நான்தான்பா. மூணாவது ஸ்டார் எங்கயாவது தட்டுப்படுதான்னு ரெண்டாவது தடவை போயி பாத்தேன்."