கோமளா போடாத கையெழுத்து

“ஒரே ஒரு கையெழுத்துக்கா. ரெண்டாயிரம் வெள்ளி உங்க கைக்கு வந்துடும்” என்றார் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் நாகமுத்து.

கோமளா தாளைத் தொடவில்லை.

“என்னன்னு எழுதியிருக்கு, தம்பி?”

“லாரி டிரைவர் தம்புசாமி இறந்துட்டாருன்னு நம்புறேன்னு.”

“நான் நம்பலையே.”

“சிம்பாங் அம்பாட் ரோட்டுல கம்யூனிஸ்டுக்காரங்க லாரியக் கொளுத்தி அஞ்சு மாசமாச்சுக்கா.”

“லாரிதானே எரிஞ்சுது? உள்ள ஆள் இல்லன்னு போலீஸே சொல்லிருச்சு. காட்டுக்குத்தான் இழுத்துட்டுப் போயிருப்பானுங்க. அந்த மனுஷன் பசாருக்குக் கருவாடு வாங்கப் போனாலே மூணு மணி நேரம் கழிச்சுத்தான் வருவாரு. அதுவும் கருவாடு இல்லாம. காட்டுலேருந்து வர லேட்டாகும்லா.”

நாகமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

அடுப்படி வாசலில் நின்ற ஜெயாவால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டு, நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“உக்காருடி. எத்தனை வாட்டி சொல்றது?” என்று கோமளா அதட்டினாள்.

“தங்கச்சியாக்கா? பிரசவத்துக்கு வந்திருக்காங்களா?”

“ஆமா. தலைப்பிள்ளை.”

“அந்தச் செலவு வேற இருக்கு. உங்க வீட்டுப் பத்திரம் செட்டியார்கிட்ட அடமானத்துல கெடக்கு. இந்த மாசம் மீட்கலன்னா வீடு போயிடும். கம்பெனியும் இந்த மாசத்தோட ஃபைலை மூடிடும். பாலிசி உங்க பேருக்கு. வேற யாரும் போட முடியாதுக்கா.”

“வீடு போனா போகுது. டுரியான் துங்கால்ல வாடகைக்கு வீடே இல்லையா?”

“எனக்காகப் பாக்காதீங்கக்கா. போட்டுடுங்க” என்றாள் ஜெயா மெதுவாக.

“நீ சும்மா இரு.”

கோமளா அவள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

ஊரடங்குக்கு முன் மலாக்கா திரும்ப வேண்டும். நாகமுத்து தாளை மடித்துப் பையில் வைத்தார்.

“புரியுதுக்கா. உங்க தாலிய நீங்களே கழட்டுற மாதிரி இருக்கும்.”

“எனக்கு ஏது தாலி?” கோமளா சிரித்தாள். “எங்களுக்குப் பஞ்சாயத்துல தீர்த்துவிட்டு அஞ்சு வருஷமாச்சு. வீட்டை எனக்கே விட்டுட்டுப் போன மனுஷன், பாலிசியில பேரை மாத்த மறந்துட்டாரு.”

எழுந்து போய் ஜெயாவின் தோளில் கை வைத்தாள்.

“நான் கையெழுத்துப் போட்டா, தாலியக் கழட்ட வேண்டியவ இவ. வர்ற வியாழக்கிழமை இவளுக்கு வளைகாப்பு வச்சிருக்கேன், தம்பி.”