மழைநாள் ஓட்டம்

மழை விடுவதாக இல்லை. அன்றைய காலை ஓட்டம் நின்றுபோனதில் கணக்காளருக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாருடைய ஸ்மார்ட் வாட்ச் அதிக உடற்பயிற்சி காட்டுகிறதோ அவருக்கே பரிசு என்று அலுவலகத்தில் அறிவித்திருந்தார்கள். இதுவரை அவர்தான் முதல்.

"மாடிப்படி ஏறி இறங்குங்களேன்" என்றாள் மனைவி.

"முட்டி போயிடும்."

"கயிறு தாண்டுங்க."

"கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்."

"நின்ன இடத்துலயே ஓடுங்க."

"பைத்தியம்னு நினைப்பாங்க. உனக்கென்ன, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போயிடுவே!"

நெடுநேரம் யோசித்தவரின் முகம் சட்டென்று மலர்ந்தது. கட்டிலுக்கடியில் சுருண்டிருந்த நாயை இழுத்தார். தினமும் மைதானத்தில் ஓடி அவருக்குப் பேர் வாங்கித் தந்த அதன் காலிலிருந்து வாட்ச்சைக் கழற்றி, துணி துவைக்கக் கிளம்பிய மனைவியின் கையில் கட்டினார்.

மறுநாள் காலை மேலாளரே போன் செய்தார். "என்ன சார் இது? நேத்து காலையிலேர்ந்து படுக்கிற வரைக்கும் நீங்க உட்காரவே இல்லைன்னு வாட்ச் சொல்லுது! நம்ம ஆபீஸ் டாக்டரே பயந்துட்டார். ஒரு வாரம் லீவு போட்டு ரெஸ்ட் எடுங்க."

கணக்காளர் சோபாவில் சாய்ந்துகொண்டார்.

"கேட்டியா? நான் உடம்பை ரொம்ப வருத்திக்கிறேனாம். அந்த வாட்ச்சைக் கழட்டி வச்சிட்டு, சூடா ஒரு டீ போட்டுக் கொண்டா!"