இனாமாக வந்த ஊற்று

'டங்' என்று சத்தம் கேட்டதும் மீனம்மா மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குழியிலிருந்து ஏறிவிட்டாள். "இதுக்கு மேல நான் வெட்ட மாட்டேங்க ஐயா."

சிவபாதத்துக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருசம் சுன்னாகத்தில் புடைவைக் கடை நடத்தியவர். மாட்டேன் என்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்கிறார்கள் என்பதுதான் அவர் அங்கே படித்த ஒரே பாடம்.

"கூலி காணாதெண்டா வாய் திறந்து சொல்லும் மீனம்மா. மண்வெட்டியோடை ஏன் கோபம்?"

"கூலி இல்லீங்க. மேல வர்ற அந்தத் தண்ணி சரியில்லீங்க."

கடையை விற்றுவிட்டு மனைவி குணபூசணியோடு குளிர் தேடி வந்து, டயகமப் பக்கம் இந்தச் சரிவில் காணி வாங்கி, வீடு கட்டி ஒரு வருசமாகிறது. சுற்றிலும் செங்குத்து, நடுவே இவர் காணி மட்டும் பாய் விரித்தாற்போலச் சமதரை. கேட்ட முதல் விலைக்கே தரகர் தலையாட்டியதுதான் அவரை இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. இன்னும் குறைத்துக் கேட்டிருக்கலாமோ!

காடே கை வைத்து அமைத்தது போல ஒரு தோட்டம் வேண்டும் என்பது அவர் ஆசை. மருந்து கூடாது, சீமெந்து கூடாது. பாறையோரம் பன்னச்செடி, தேனீக்குக் காட்டுப்பூ, தவளைக்கு ஒரு குளம். குளத்துத் தண்ணீருக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். நாலு நாள் மழைக்குப் பிறகு, நேற்றுக் காலை மேல்மூலையில் ஒரு ஊற்று தானாகவே கிளம்பிவிட்டது. மோட்டர் இல்லை, குழாய் இல்லை. இனாம்! உடனே குளம் வெட்ட மீனம்மாவைக் கூலிக்குப் பிடித்துவிட்டார்.

"கலங்கலா வருதுங்க. அந்தச் சவுக்கு மரம் நேத்து நேரா நின்னுச்சு. இன்னைக்குப் பாருங்க."

"மழைக்கு மரம் கொஞ்சம் சாயும்தான். அதுக்கேன் இந்த முழி?"

அவரே மூன்றடிக் குழிக்குள் இறங்கி மண்ணைத் தள்ளினார். துருப்பிடித்த தகரம். இழுத்தார், அசையவில்லை.

"ஆரோ குப்பையைத் தாட்டிருக்கிறாங்கள்."

"நடுவுல தார் பூசியிருக்கும் பாருங்க," என்றாள் மீனம்மா. குழிப்பக்கம் அவள் திரும்பவேயில்லை. கண் மலையுச்சியில் இருந்தது.

கையால் துடைத்தார். உள்ளங்கையளவு தார்ப் பொட்டு. தேயிலைத் தோட்டத்துத் தகரம் எதுதான் ஒழுகாமல் இருந்திருக்கிறது, எதற்குத்தான் தார் பூசவில்லை என்று விட்டுவிட்டார்.

"ஐயா, அம்மாவக் கூட்டிக்கிட்டு இப்பவே லிந்துலைக்கு எறங்கிருங்க. சாமான் கீமான்னு பாத்துக்கிட்டு நிக்காதீங்க. இந்தத் தண்ணிய நான் முன்னாடி ஒரு தடவ பாத்திருக்கேன்."

இப்போது அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யாரோ காணியை அடிமாட்டு விலைக்குக் கேட்கப்போகிறான். அதற்கு முன்னால் பயங்காட்ட ஆள் விட்டிருக்கிறான். பக்கத்துக் கடையில் பேய் உலாவுவதாகக் கதை கட்டி, அதைப் பாதி விலைக்கு வாங்கிய மனுசர் அவர். அவரிடமேவா?

"எப்ப பாத்தனீர்?"

"பன்னெண்டு வருசமாச்சுங்க. தண்ணி வாசலுக்கே வந்துருச்சுன்னு எங்க வீட்லயும் சந்தோஷந்தான் பட்டாங்க. நான் மட்டும் கொழுந்தெடுக்க மேமலைக்குப் போயிட்டேன்."

"எங்கை, இந்தப் பக்கமோ?"

"இங்கதாங்க."

சிவபாதம் தகரத்தின்மேல் நன்றாக ஏறி நின்று, இடுப்பில் கை வைத்துச் சுற்றிப் பார்த்தார். தேயிலை, பனிமூட்டம், அவருடைய புது வீடு. வேறொரு சுவர் கிடையாது. கள்ளத் தராசைக் கையோடு பிடித்தவரின் மலர்ச்சி அவர் முகத்தில்.

"தேத்தண்ணி ஆறுது, வாங்கோ!" என்று குணபூசணி உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேணும், மீனம்மா. கண்ணுக்கெட்டின தூரத்திலை ஒரு லயத்து வீடு இல்லை. எங்கை உம்மடை வீடு?"

மேலே எங்கோ ஒரு கல் உருண்டது.

"நீங்க ஏறி நிக்கிறது எங்க வீட்டுக் கூரைங்க ஐயா."