வெறுங்கால் தடம்

செலவு குறையும் என்றுதான் கோபிஷாவும் ஜெனுசனும் நவம்பரில் முதுகுப்பையோடு ஐரோப்பாவைச் சுற்றக் கிளம்பினார்கள். சுவிட்சர்லாந்தில் சோலோதுர்ன் நகருக்கு மேலே உள்ள மலைக்குப் போன அன்று கேபிள் கார் ஓடவில்லை. ஜெனுசன் சொன்னபடி நடந்தே ஏறினார்கள். இறங்கும்போது பனிமூட்டம் சூழ்ந்தது. புதிதாக விழுந்த பனியில் பாதை மறைந்தது. வழுக்கியதில் ஜெனுசனின் முழங்காலும் பிசகிவிட்டது. கைபேசியிலும் சிக்னல் இல்லை.

“என்ர பிழைதான், கோபி.”

“அதைப் பிறகு கதைப்பம். இப்ப என்ர தோளைப் பிடியுங்கோ.”

அவனைத் தாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அவள் தடங்களைக் கண்டாள். ஐந்து விரல்களும் பதிந்த வெறுங்கால் தடங்கள். நாலடி தள்ளி, யாரும் மிதிக்காத பனியில் திடீரெனத் தொடங்கிக் கீழே இறங்கின.

“இந்தக் குளிருக்குள்ள ஆர் செருப்பில்லாமல் போறது?” என்றான் ஜெனுசன்.

“ஆரெண்டாலும் வழி தெரிஞ்ச ஆள்,” என்றாள் கோபிஷா.

பின்தொடர்ந்தார்கள். நோவு தாங்காமல் ஜெனுசன் நின்ற இடங்களிலெல்லாம், சற்று முன்னால் அந்தப் பாதங்களும் சேர்ந்து நின்றிருந்தன. அவளுக்குப் பயம் விட்டுப்போயிற்று.

மூட்டம் விலகியபோது வீடுகளும் ஒரு பஸ் தரிப்பிடமும் தெரிந்தன. தடங்கள் அங்கே ஆட்கள் உட்காரப் போட்டிருந்த வாங்கின் முன்னால் முடிந்தன. வாங்கு முழுக்கப் பனி மூடிக் கிடந்தது. இருவர் உட்காருமளவுக்கு மட்டும் யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள்.

கோபிஷா அந்தப் பலகையில் கை வைத்துப் பார்த்தாள். அது இளஞ்சூடாக இருந்தது.